காரணம் கேட்பவர்கள்

நாவல்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. 'கதாநாயகன் இப்படிச் செய்வதற்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை' என்பார்கள். சொல்கிறவர் தாம் எதைக் கேட்கிறோம் என்று யோசித்துச் சொல்கிறாரா என்பது எனக்கு வெகு நாளாக உள்ள சந்தேகம். காரணம் என்பது ஒரே சரக்கு, எல்லாக் கடைகளிலும் ஒரே அளவில் நிறுத்துக் கொடுக்கப்படுவது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. உண்மை அப்படியல்ல. டாக்டர் கேட்கும் காரணம் ஒன்று. வக்கீல் கேட்கும் காரணம் வேறொன்று. தத்துவம் படித்தவர் கேட்பது இரண்டிலும் சேராதது. நாவலாசிரியனிடம் கேட்க வேண்டியது எது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

இப்படிப்பட்ட பேச்சை ஆகாயத்தில் வைத்துக்கொண்டால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. மண்ணில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போகும் சாலை மரக்காணத்தில் முடிகிறது. உப்பளங்களும் மீனவர் குப்பங்களும் உள்ள பிரதேசம். அங்கே எக்கியார்குப்பம் என்று ஓர் ஊர். 2023ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி அந்த ஊரில் பலர் சாராயம் வாங்கிக் குடித்தார்கள். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் அவர்களைக் கொண்டு போனார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் 14 பேர் இறந்தார்கள். அதே நாட்களில் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இறந்தவர்களையும் சேர்த்தால் 22 பேர்.

இந்தச் சாவுகளுக்குக் காரணம் என்ன?

அந்தப் பக்கமாகப் போயிருந்தபோது, திண்டிவனம் பஸ் நிலையத்தருகே ஒரு டீக்கடையில் இரண்டு பேர் இதைப் பற்றிப் பேசக் கேட்டேன். "குடிச்சவன் செத்தான். அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?" என்றார் பெரியவர். "வித்தவன் இல்லியாண்ணே? அவன் வித்ததாலதானே இவன் குடிச்சான்?" என்றான் இளையவன். "இவன் குடிக்கிறதாலதான் அவன் விக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இருவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் டாக்டர் சொல்வதைக் கேட்போம். அந்தத் திரவத்தில் இருந்தது மெத்தனால். தொழிற்சாலைகளில் உபயோகப்படுவது. குடிக்கும் சாராயத்தில் இருப்பது எத்தனால். இரண்டையும் நாக்காலோ மூக்காலோ பிரித்தறிய முடியாது. மெத்தனால் பத்து மில்லி கண்ணைக் கெடுக்கப் போதும், முப்பது மில்லி உயிரையே கொண்டுபோகலாம் என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. ஆனால் இதிலே ஆச்சரியமான சங்கதி, மெத்தனால் தன்னளவில் அவ்வளவு கொடிய விஷம் அல்ல என்பது. ஈரலிலே ஒரு நொதி இருக்கிறது. சாராயத்தைக் கரைத்து உடம்பைக் காப்பாற்றுவதற்காக இருப்பது. அது மெத்தனாலையும் சாராயம் என்றே எண்ணிக்கொண்டு மாற்றத் தொடங்குகிறது. முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். இந்த அமிலம்தான் உயிரணுக்கள் பிராணவாயுவைப் பயன்படுத்த முடியாமல் தடுக்கிறது. பார்வை நரம்பைப் பாழாக்குகிறது. ரத்தத்தைப் புளிக்க வைக்கிறது. குடித்தவனைக் காப்பாற்றப் புறப்பட்ட அவன் உடம்பே அவனுக்கு விஷம் காய்ச்சிக் கொடுத்துவிடுகிறது.

இதற்கு மாற்று மருந்துகளில் ஒன்று எத்தனால் என்றால் வாசகர்கள் நம்புவார்களோ என்னவோ! அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனாலின் மேல் பல மடங்கு பிரியம். எத்தனாலைக் கொடுத்தால் நொதி அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். மெத்தனால் மாறாமலே மெல்ல மெல்ல வெளியேறலாம், அல்லது டயாலிசிஸ் செய்து வெளியேற்றலாம். ஃபோமிபிசோல் என்ற மருந்தும் இதே தந்திரத்தைத்தான் செய்கிறது. எந்தப் பொருளைக் குடிக்கப் போய் உயிருக்கு ஆபத்து வந்ததோ, அதே பொருள் உயிர் கொடுக்கும் மருந்தாகிறது. 'குடிதான் காரணம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

டாக்டர்கள் காரணத்தை எழுதுவதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதன்படி தரப்படும் மருத்துவச் சான்றிதழில் சாவின் காரணத்தை ஒரே வரியில் எழுத முடியாது. உடனடிக் காரணம் முதல் வரியில்; அதற்கு முந்தியது அடுத்த வரியில்; எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்த மூல காரணம் கடைசி வரியில். சங்கிலியில் சேராமல் சாவுக்குத் துணை செய்த வேறு நோய்கள் தனிப் பகுதியில். 'இருதயம் நின்றுபோயிற்று' என்று மட்டும் எழுதுவது காரணம் ஆகாது. அது சாகிற விதம், அவ்வளவுதான். எல்லாருக்கும் கடைசியில் இருதயம் நின்றுதானே போகிறது? திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயைப் பார்த்ததோடு நின்றுவிடாமல் நோய்முதலையும் நாடச் சொன்னது இந்தக் கடைசி வரியைத்தான்.

ஆனால் டாக்டரின் கடைசி வரி மெத்தனாலோடு நின்றுவிடும். அதை விற்றவன் பெயர் அந்தப் படிவத்தில் வராது. வரவும் கூடாது. காலிங்வுட் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் 1940இல் எழுதிய நூலில் ஒரு நல்ல கருத்துச் சொல்லியிருக்கிறார். தொழில் தெரிந்தவன் தன் கைக்கு எட்டுவதையே காரணம் என்று அழைக்கிறான் என்பது அதன் சாரம். டாக்டர் கைக்கு எட்டுவது ரத்தத்திலுள்ள அமிலம். போலீஸ் கைக்கு எட்டுவது சாராயம் விற்றவன். சர்க்கார் கைக்கு எட்டுவது மெத்தனால் எந்தத் தொழிற்சாலையிலிருந்து எந்தக் கணக்கில் வெளியே வந்தது என்பது. எக்கியார்குப்பம் விஷயத்தில் போலீஸ் தலைமை, இது ஊரில் காய்ச்சிய கள்ளச்சாராயம் அல்ல, தொழிற்சாலை மெத்தனால் என்று அறிவித்தது. சிலருக்கு அது தப்பித்துக்கொள்ளும் பேச்சாகப் பட்டது. ஆனால் பெயரை மாற்றினால் தேட வேண்டிய இடமும் மாறுகிறது. அடுப்பைத் தேடுவதா, பீப்பாயின் ரசீதைத் தேடுவதா என்பது சின்ன வித்தியாசம் அல்ல.

இனி வக்கீலிடம் போவோம். சட்டத்துக்கு வேண்டியது சங்கிலி அல்ல. சங்கிலியில் கையை வைத்து 'இதோ, இவன்' என்று சொல்லக்கூடிய ஒரு கண்ணி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு, கவனக்குறைவால் சாவு விளைவிப்பதைப் பற்றியது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தை பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு எடுத்துக்கொண்டிருக்கிறது. இதிலே 'விளைவிப்பது' என்ற வார்த்தைக்கு எவ்வளவு இடுக்கமான பொருள் உண்டு என்பதைக் குர்பான் ஹுசேன் வழக்கு காட்டுகிறது. பம்பாயில் பெயின்ட் தயாரிக்கும் ஓரிடத்தில் 1962இல் தீப்பிடித்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். டர்பன்டைன் வைத்திருந்த இடத்திலேயே அடுப்புகளையும் எரிய விட்டிருந்தார்கள். பொறுப்பாளர் மீது வழக்கு. உச்ச நீதிமன்றம் 1964இல் அவரைச் சாவுக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அடுப்பு அங்கே இல்லாவிட்டால் தீ பிடித்திராது என்பது மெய்தான். ஆனால் வேறொரு தொழிலாளி அவசரப்பட்டு டர்பன்டைனை ஊற்றியதுதான் நேரடியான காரணம் என்றது கோர்ட். நெருப்பை அஜாக்கிரதையாக வைத்திருந்த குற்றம் மட்டும் நின்றது. 'இது இல்லாவிட்டால் அது நடந்திராது' என்பது ஒரு காரணம். 'இதுவே அதை நடத்தியது' என்பது இன்னொரு காரணம். முன்னதை 'ஸைனே க்வா நான்' என்றும் பின்னதை 'காஸா காஸன்ஸ்' என்றும் லத்தீனில் வழங்குவார்கள். இரண்டாவது கிடைத்தால்தான் தண்டனை.

டீக்கடைப் பெரியவர் அறியாமலே இந்தச் சட்டத்தைத்தான் பேசினார். குடித்தவன் தானாகக் கையை நீட்டிக் குடித்தான். அவன் செய்கை நடுவிலே வந்துவிட்டபடியால் விற்றவனின் சங்கிலி அறுந்தது என்பது அவர் வாதம். ஹார்ட், ஹானரே என்ற இரு ஆங்கிலச் சட்ட ஆசிரியர்கள் 1959இல் 'சட்டத்தில் காரணம்' என்ற பொருள்பட ஒரு பெரிய புத்தகமே எழுதினார்கள். ஒருவன் தெரிந்து, தன்னிச்சையாகச் செய்யும் செயல் சங்கிலியை வெட்டும் என்பதை அவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் 'தெரிந்து' என்ற வார்த்தையில் அல்லவா எல்லாம் இருக்கிறது? எக்கியார்குப்பத்தில் யாரும் தெரிந்து மெத்தனால் குடிக்கவில்லை. பெரியவரின் வாதம் அந்த ஒரு வார்த்தையில் விழுந்துபோகிறது. சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. காயப்பட்டவனைத் தக்க வைத்தியத்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்றாலும், காயப்படுத்தியவன் சாவை விளைவித்தவனே. 'டாக்டர் காப்பாற்றியிருக்கலாமே' என்று குற்றவாளி சொல்ல முடியாது.

தத்துவத்துக்காக நாம் ஏதென்ஸுக்குப் போக வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் செய்தது அங்கே இருந்துதான். காரியத்தைக் கொண்டு காரணத்தை அனுமானிப்பதில் தொடங்குகிறது அந்த நூல். உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதை ஒடுக்கித் தோற்றுவிக்கும் ஒருவன் உண்டு என்பது அதன் முதல் படி. சைவ சித்தாந்திகள் இதற்குக் குயவன் உதாரணம் சொல்வார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம். சக்கரமும் தண்டும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். மூன்றும் வேண்டும், மூன்றும் ஒன்றல்ல.

இதே திருவெண்ணெய்நல்லூரில்தான் சுந்தரர் மேல் வழக்கு நடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. கிழ வேதியராக வந்து 'இவன் என் அடிமை' என்று ஓலை காட்டினார் ஒருவர். ஊர்ச் சபை உடனே தலையாட்டிவிடவில்லை. அனுபவ ஆட்சியா, ஆவணமா, அயலார் சாட்சியா, எதைக் கொண்டு நிரூபிப்பாய் என்று கேட்டது. வாதி கடவுளாகவே இருந்தாலும் அத்தாட்சி வேண்டும் என்பது அந்த ஊரின் நியாயம்.

குயவனின் கணக்கை எக்கியார்குப்பத்துக்குப் போட்டுப் பாருங்கள். மெத்தனால் முதற்காரணம். பீப்பாய், வண்டி, பாக்கெட், கண்ணை மூடிக்கொண்ட அதிகாரம் துணைக்காரணம். பணத்துக்காக அதைக் கலந்து விற்றவன் நிமித்த காரணம். டாக்டர் முதலாவதைப் பிடித்தார். கோர்ட் மூன்றாவதைத் தேடுகிறது. நடுவிலே இருக்கும் துணைக்காரணத்தை விசாரிக்கத்தான் ஆளில்லை. நாவல் அங்கேதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் நம் நாவல்கள் பெரும்பாலும் என்ன செய்கின்றன? குடியைப் பற்றிய கதை என்றால் ஒரு வில்லன், அல்லது ஒரு பலவீனன். ராஜாஜி 'விமோசனம்' பத்திரிகை நடத்திக் கல்கி அதில் துணையிருந்த காலத்தில், மதுவிலக்குக்காக எழுதப்பட்ட கதைகளுக்கு ஒரு காரணம் போதும். அவை பிரசாரம் என்று சொல்லிக்கொண்டே வந்தவை. அதில் நேர்மை உண்டு. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் ராஜதானி முழுவதும் பரவி, 1971இல் நீக்கப்பட்டு, 1974இல் திரும்பி வந்து, பின்னர் மறுபடி தளர்ந்து, 2003இலிருந்து சர்க்காரே சில்லறைக் கடை வைக்கிற நிலைமைக்கு வந்திருக்கிறது. இத்தனை திருப்பங்கள் ஒரு குடும்பத்தின் நடுக்கூடத்தில் எப்படி வந்து இறங்கின என்று சொல்லும் கதை எனக்கு வேண்டும். இன்னும் வில்லனையே காட்டிக்கொண்டிருந்தால் எப்படி?

நம்மிடம் மாதிரி இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரம் இருக்கிறது. கோவலன் சாவுக்குக் காரணம் என்ன என்று கேட்டால் பள்ளிக்கூடப் பையனும் 'ஊழ்வினை' என்பான். உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. இளங்கோ கொலைக்களக் காதையில் எத்தனை கைகளைக் காட்டுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். பொற்கொல்லன் பொய் சொல்கிறான். ஊடல் தீர்க்கும் அவசரத்தில் இருக்கும் அரசன் ஆராயாமல் ஆணையிடுகிறான். காவலர் கோவலனைப் பார்த்து 'இவன் கள்வனாகத் தோன்றவில்லையே' என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் கள்வர் சாமர்த்தியங்களைப் பிரசங்கம் செய்து அந்தத் தயக்கத்தைக் கரைக்கிறான். கடைசியில் வாளை வீசுகிறவன் யார்? கல்வியறிவில்லாத, கள்வெறியில் இருக்கும் ஒருவன்! கோர்ட் தேடும் நேரடிக் காரணம் அந்தக் குடிகாரன்தான். இளங்கோ அவனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. கண்ணகியும் அவனைத் தேடிப் போகவில்லை, அரண்மனைக்குத்தான் போகிறாள்.

விதியைப் பற்றி இளங்கோ பேசும் இரண்டு முக்கியமான இடங்களைக் கவனியுங்கள். கானல்வரியில் மாதவியின் பாட்டைக் கேட்டுக் கோவலன் பிரியும்போது ஒன்று; அரசன் காவலருக்குக் கட்டளை இடும்போது ஒன்று. இரண்டு இடத்திலும் ஒரு மனிதன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை வேறாகியிருக்கும். 'நீ யாரை நினைத்துப் பாடினாய்?' என்று கோவலன் கேட்கவில்லை. 'அவனை இங்கே அழைத்து வா' என்று பாண்டியன் சொல்லவில்லை. விசாரணை இல்லாத இடத்தில்தான் இளங்கோவின் விதி உள்ளே நுழைகிறது. கண்ணகி அரசனை நோக்கிச் சொல்லும் முதல் குற்றமும் அவன் ஆராயாதவன் என்பதே.

முற்பிறப்புக் கதையைச் சொல்லும் இடத்தையும் பாருங்கள். மதுரை எரிகிறபோது மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் சொல்கிறது. முன்பு பரதனாகப் பிறந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று அரசனிடம் பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமன் மனைவி நீலி சபித்தாள். அதாவது அந்தப் பிறவியில் கோவலன்தான் பொற்கொல்லன். இது ஆறுதல், இழந்தவளுக்குச் சொல்லப்பட்டது. பாண்டியனோ இந்தக் காரணத்துக்காகக் காத்திருக்கவில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் விதியையோ பொற்கொல்லனையோ குடிகாரனையோ காட்டாமல், தானே கள்வன் என்று குற்றத்தை ஏற்றுக்கொண்டு உயிரை விட்டான். அவனுக்குச் சட்டம் தந்திருக்கக்கூடிய தப்பும் வழிகள் எத்தனை! அத்தனையையும் விட்டுவிட்டதால்தான் அவன் நம் மதிப்பில் நிற்கிறான். பிறர் துயரத்தைப் புரிந்துகொள்ள நூறு காரணங்களைத் தேடலாம். தன் குற்றத்துக்கு அப்படித் தேடக் கூடாது என்பது காப்பியத்தின் தீர்ப்பு.

இது பழங்கதை மட்டும் அல்ல. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்தில், 2024 ஜூன் மாதம் மறுபடியும் மெத்தனால் வந்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதல் சாவுகள் நிகழ்ந்தபோது, அவற்றுக்குச் சாராயம்தான் காரணம் என்பதை மறுக்கும் தோரணையிலேயே மாவட்ட நிர்வாகம் பேசியது. மெத்தனால் குடித்தவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அந்த இடைவெளிதான் உயிர் காக்கும் அவகாசம். அந்த வேளையில் 'காரணம் சாராயம் அல்ல' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால், குடித்தவன் ஆஸ்பத்திரிக்குப் போவானா, வீட்டிலேயே படுத்துக்கொள்வானா? வீட்டில் மிச்சம் வைத்திருப்பவன் அதைக் கொட்டுவானா, குடிப்பானா? காரணத்தை ஆராயாமல் சொல்வது வெறும் அபிப்பிராயப் பிழை அல்ல. அதுவும் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிடும். பிறகு மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்று செய்தார்கள். விற்பவனுக்குச் சரி. ஆராயாமல் பேசுகிற வாய்க்கு எந்தப் பிரிவு?

'நிதானம்' என்று ஒரு வார்த்தை நம்மிடம் இருக்கிறது. ஆயுர்வேதத்தில் நோயின் காரணத்துக்கு அதுவே பெயர். மாதவ நிதானம் என்று நூலே உண்டு. பௌத்தர்கள் துக்கத்தின் காரணச் சங்கிலியைப் பன்னிரு நிதானம் என்பார்கள். மணிமேகலையின் கடைசிப் பகுதியில் அதை விரித்துச் சொல்லியிருக்கிறது. நாம் அன்றாடம் பேசும்போது நிதானம் என்றால் பதற்றமில்லாமை. குடித்துத் தடுமாறுகிறவனைப் பார்த்து 'நிதானம் தவறிவிட்டான்' என்கிறோம். பாண்டியன் குடிக்கவில்லை, நிதானம் தவறினான். ஒரு சொல்லுக்குள் இத்தனை பொருளை வைத்த பாஷையில் எழுதுகிறவர்கள் ஒரே வில்லனோடு திருப்தி அடைவது அந்தப் பாஷைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆகவே மதிப்புரை எழுதும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'போதிய காரணம் இல்லை' என்று எழுதுவதற்கு முன் எந்தக் காரணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரின் கடைசி வரியா, வக்கீலின் நேரடிக் கண்ணியா, குயவனின் சக்கரமா? முதல் இரண்டையும் தருவதற்கு ஆஸ்பத்திரியும் கோர்ட்டும் இருக்கின்றன. மூன்றாவதை நாவலில் தேடுங்கள். அது இல்லையென்றால் தாராளமாகக் குறை சொல்லுங்கள். என் நாவல்களில் இல்லாவிட்டாலும் அப்படியே.